ஒன்றேகால் வட்டி பத்திரமா, பாங்க் பத்திரமா?

கேள்வி: என் கணவர் கரூர் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து, போன மாதம் 58 வயதில் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுட்டி எல்லாம் சேர்த்து 46 லட்சம் வந்திருக்கிறது. பென்ஷன் 3,200 ரூபாய். சொந்த வீடு, மாடி வாடகை 6,000. வீட்டுச் செலவு மாதம் 26,000 ஆகிறது. இரண்டு வருடத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய 8 லட்சமாவது வேண்டும். 2020ல் எங்கள் ஊர் பாங்கில் 25,000க்கு மேல் எடுக்க முடியாமல் வரிசையில் நின்றதிலிருந்து எனக்கு பாங்க் என்றாலே பயம். மாமனார் வாங்கி வைத்திருந்த அந்த பாங்க் ஷேரும் பூஜ்யமாகிவிட்டது. கணவரின் நண்பர், தானும் நிறையப் போட்டிருக்கும் ஒரு ஃபைனான்ஸைச் சொல்லி வீட்டுக்கு வந்து போகிறார். ஒன்றேகால் வட்டி. இருபது வருடமாக ஒரு மாதம்கூட வட்டி தவறியதில்லையாம், முதலாளி எங்கள் தெருக்காரர். சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் பையன் மியூச்சுவல் ஃபண்டு என்கிறான். பாங்க் மேனேஜர் ஏதோ ஐந்து வருட ஸ்கீம் என்கிறார். எனக்கோ நிலமோ நகையோ வாங்கிவிட்டால் நிம்மதி. எதுதான் பாதுகாப்பு? நண்பரிடம் என்ன சொல்வது? ஃபைனான்ஸில் கொடுக்கும் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– கரூர் வாசகி (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் படத்தைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும். இது காத்திருக்காது, நண்பர் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பெரிதாக்கி வரி வரியாகப் படித்தேன். 20 ரூபாய் முத்திரைத்தாள். மேலே ரப்பர் ஸ்டாம்பில் ஃபைனான்ஸின் பெயர். உள்ளே, ‘எனது தொழில் அபிவிருத்திக்காகத் தங்களிடம் கைமாற்றாகப் பெற்றுக்கொண்ட தொகை’ என்று டைப் செய்திருக்கிறது. டெபாசிட் என்று ஓரிடத்திலும் இல்லை. வட்டி எழுத வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. கீழே ஒரு தனி மனிதரின் கையெழுத்து. நிறுவனத்தின் பதிவு எண் கிடையாது, ரிசர்வ் வங்கி அனுமதி பற்றி ஒரு வரி கிடையாது. ஒன்றேகால் வட்டி என்பது வாயால் சொன்ன வார்த்தை மட்டும்தான். நாளைக்கு ஒரு தகராறு என்று வந்தால், நீங்கள் ஒரு நிறுவனத்தில் பணம் போட்டவர் இல்லை, தெருக்காரர் ஒருவருக்கு ஈடில்லாமல் கைமாற்று கொடுத்தவர். உங்கள் கையில் இருக்கப்போவது அவ்வளவுதான்.

மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் என்றால் வருடத்துக்கு 15 சதவீதம். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனங்கள்கூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. நிதி (அதாவது பெயருக்குப் பின்னால் ‘நிதி லிமிடெட்’ என்று போட்டுக்கொள்ளும் பரஸ்பர சகாய நிதி) நிறுவனங்களுக்கும் அதே உச்சவரம்புதான். பார்ட்னர்ஷிப்பாகவோ தனியாளாகவோ ஃபைனான்ஸ் நடத்துகிறவர், சொந்தக்காரர்களைத் தவிர வெளியாரிடம் டெபாசிட் வாங்கவே கூடாது. 1997 முதல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் இந்தத் தடை இருக்கிறது. அந்தத் தாளில் ‘கைமாற்று’ என்று எழுதியிருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். தப்பித் தவறி எழுதியதில்லை, யாரோ யோசித்து எழுதிக் கொடுத்தது.

இவ்வளவு சொன்னாலும் நண்பர் விடமாட்டார். ‘இருபது வருஷமா வட்டி தவறல’ என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். பத்து லட்சம் கொடுத்தால் மாதம் 12,500 வரும். நீங்கள் கொடுத்த பத்து லட்சமே உங்களுக்குத் திரும்பி வந்து சேர 80 மாதம், கிட்டத்தட்ட ஏழு வருடம் ஆகும். ஃபைனான்ஸ் முதலாளி ஒரு தொழிலும் செய்யாமல் உங்கள் பணத்தையே பிரித்துப் பிரித்துக் கொடுத்தால்கூட ஆறரை வருடம் வட்டி தவறாது. நடுவில் புதிதாக இன்னும் நான்கு பேர் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். தேதி தவறாமல் வட்டி வருவது முதல் பத்திரமாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய கணக்குப் புத்தகத்தை வெளியாள் யாரும் பார்த்ததில்லை, அதனால் கெட்ட செய்தி எதுவும் வெளியே வந்ததில்லை. பாங்கில் ஒன்று நடந்தால் டி.வி.யில் வருகிறது. இங்கே நடந்தால் ஷட்டர் இறங்கிய பிறகுதான் தெரியும்.

பழமையும் கைகொடுக்காது. சென்னை மயிலாப்பூரில் 1872ல் தொடங்கிய ஒரு நிதி நிறுவனம், மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு. ஒன்றரை நூற்றாண்டு. தாத்தா காலத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பணம் போட்டு வந்த இடம். டெபாசிட் முதிர்ந்தும் பணம் வரவில்லை என்ற புகார்களின் பேரில் 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரே கைது செய்யப்பட்டார். வாசலில் நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் ஓய்வு பெற்ற முதியவர்கள். ‘எங்க அப்பா காலத்துலேர்ந்து’ என்பதுதான் அவர்களும் சொன்ன காரணம்.

கண்ணால் பார்ப்பதும் அப்படித்தான். பக்கத்து ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை உங்களுக்கு நினைவிருக்கும். ஈமு கோழி. பணம் கட்டினால் பறவையே உங்கள் தோட்டத்துக்கு வந்துவிடும், மாதாமாதம் பராமரிப்புத் தொகை, வருட போனஸ். பணம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவேண்டிய அவசியமே இல்லை, அதுதான் வேலிக்குள் ஆறடி உயரத்தில் நடந்துகொண்டிருக்கிறதே! 2012ல் நிறுவனங்கள் சரிந்தபோது பறவை இருந்தது, தீனி வாங்கத்தான் பணம் இல்லை. அந்தக் கறியையும் எண்ணெயையும் வாங்க ஒரு சந்தையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களின் பணம்தான் அதுவரை மாதாமாதம் பட்டுவாடா ஆகிக்கொண்டிருந்தது.

சரி, இப்போது உங்கள் பாங்க் பயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உங்களோடு வழக்கு.

லட்சுமி விலாஸ் வங்கி 1926ல் உங்கள் ஊரில் பிறந்த வங்கி. 2020 நவம்பர் 17 அன்று அதற்கு ஒரு மாதத் தடை விதிக்கப்பட்டது. ஒருவர் 25,000 ரூபாய்தான் எடுக்கலாம். மருத்துவம், படிப்பு, கல்யாணம் போன்ற செலவுகளுக்கு மட்டும் அனுமதி வாங்கிக் கூடுதலாக எடுக்கலாம். அந்த வரிசையில் நின்றது லேசான அனுபவம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தாவது நாள், நவம்பர் 27 அன்று, வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. தடையும் அன்றே நீங்கியது. டெபாசிட் போட்டவர்கள் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. உங்கள் கணக்கில் இருந்ததும் முழுசாகத்தான் கிடைத்திருக்கும், பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். அதே இணைப்பில் பங்குதாரர்களின் பணம் முழுவதும் இல்லாமல் ஆக்கப்பட்டது. மாமனார் வைத்திருந்தது அதில் போயிற்று.

ஒரே வங்கி, ஒரே நாள். உங்கள் டெபாசிட் நின்றது, மாமனாரின் பங்கு கரைந்தது. எந்த இடம் பத்திரம் என்று நீங்கள் கேட்கிறீர்கள். இடத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பதற்கு உங்கள் வீடே சாட்சி. கையில் இருப்பது என்ன தாள், அது யார் மேல் உள்ள உரிமை, அவர் தராவிட்டால் அடுத்து யார் தருவார், உங்களுக்கு அந்தப் பணம் எப்போது வேண்டும் – நான் பார்ப்பது இவற்றைத்தான். மாமனார் ஷேர் வாங்கும்போது ‘நம்ம ஊர் பாங்க்’ என்றுதான் வாங்கியிருப்பார். டெபாசிட்டும் ஷேரும் அவர் மனதில் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன. கரூரில் இப்படி வாங்கியவர்கள் நிறைய.

பாங்க் டெபாசிட்டுக்கு ஒரு காப்பீடு இருக்கிறது. கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்க் 1960ல் மூழ்கிய பிறகு, 1962ல் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை. 2020 பிப்ரவரி வரைக்கும் அது வெறும் ஒரு லட்சம்தான். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம். ஒரே வங்கியின் நாலு கிளையில் பிரித்துப் போட்டாலும் ஒன்றாகவே கணக்கு. வங்கி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் இந்தத் தொகை கைக்கு வர வேண்டும் என்று 2021ல் சட்டம் திருத்தப்பட்டது. வெவ்வேறு வங்கியானால் தனித்தனி 5 லட்சம். உங்கள் பெயரில் ஒன்று, அவர் பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் கூட்டாக ஒன்று என்றாலும் தனித்தனிதான்.

கூட்டுறவில் கொஞ்சம் கவனம் வேண்டும். நகரக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஊரில் நகைக்கடன், பயிர்க்கடன் கொடுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. நிதி லிமிடெட்டுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் கிடையாது. காப்பீடு இருந்தாலும் வரம்புக்கு மேல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி உதாரணம். 2019ல் முடங்கியது. 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதியைப் பத்து வருடம் வரை தவணையாகத் தருவதாகத்தான் இணைப்புத் திட்டத்தில் முடிவானது. பெரிய அரசு வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் போட்டவர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனாலும் பிரித்துப் போட ஒரு பைசா செலவில்லை, பிறகு ஏன் போடக் கூடாது?

அப்புறம் நகையும் நிலமும். நீங்கள் மட்டும் இப்படி இல்லை. ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழு 2017ல் கொடுத்த அறிக்கையில், சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 சதவீதம் நிலம், வீடு முதலானவை, 11 சதவீதம் தங்கம், பாங்க் டெபாசிட் முதல் ஷேர் வரை எல்லாம் சேர்த்து வெறும் 5 சதவீதம் என்று இருந்தது. நம் பக்கத்தில் தங்கத்தின் பங்கு இன்னும் கூடுதலாகவே இருக்கும், கல்யாண மண்டபத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

தங்கத்தைத் திருடன்தான் கொண்டுபோக முடியும், கம்பெனி கொண்டுபோக முடியாது. அந்த நிம்மதி நியாயமானது. ஆனால் விலை இறங்கவே இறங்காது என்ற நினைப்பு சரியில்லை. 2012 கடைசியில் பவுன் சுமார் 24,000 ரூபாய்க்கு விற்றது. 2015 நடுவில் 19,000 பக்கம் வந்தது. அப்போது யாரும் பாங்க் வாசலில் நின்ற மாதிரி நகைக்கடை வாசலில் நிற்கவில்லை. நகை பீரோவில் இருந்தது, விலையை யாரும் பார்க்கவில்லை, அதனால் நஷ்டம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு ஏறிய ஏற்றம் எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் வாங்கிய அன்றே போய்விடும். மாதம் பிறந்தால் நகை ஒரு ரூபாய் வட்டியும் தராது. உங்கள் வீட்டுக்கு இப்போது வேண்டியது மாத வருமானம். பெண்ணுக்குப் போடவேண்டியது இன்னும் பாக்கி இருந்தால் அந்த 8 லட்சத்துக்குள் வாங்குங்கள். அது கல்யாணச் செலவு, முதலீட்டுக் கணக்கில் வைக்காதீர்கள்.

நிலத்தைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. தமிழ்நாட்டில் பத்திரச் செலவு மட்டும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 20 லட்சத்துக்கு ஒரு மனை வாங்கினால் 1 லட்சத்து 80 ஆயிரம் அன்றே போயிற்று. கரூர் பைபாஸ் பக்கம் மனை விலை தினமும் பேப்பரில் வருவதில்லை, அதனால் அது அசையாமல் நிற்பதாகத் தெரிகிறது. ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்காக அவசரமாக விற்கப் போகும்போதுதான் அதன் உண்மையான விலை தெரியும். வயது 35 என்றால் வாங்குங்கள் என்பேன். 58ல், மாத வருமானம் வேண்டிய வீட்டில், வேண்டாம்.

பையன் சொல்வதில் பாதி சரி. மியூச்சுவல் ஃபண்டு நடத்தும் கம்பெனி மூடிவிட்டால் பணம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறான பயம். யூனிட்டுகளின் சொத்து அறக்கட்டளையாகத் தனியே இருக்கிறது, கம்பெனி அதில் கைவைக்க முடியாது. பயப்பட வேண்டியது வேறொன்று. 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டது. அந்த வருடம் அக்டோபரிலேயே 8,000 பக்கம் விழுந்துவிட்டது. மறுபடி 21,000ஐப் பார்க்க 2010 நவம்பர் ஆயிற்று. உங்கள் பையனுக்கு அந்த இரண்டே முக்கால் வருடம் ஒன்றுமேயில்லை, சம்பளம் வந்துகொண்டே இருக்கும். உங்கள் பெண்ணின் கல்யாணத் தேதி அந்த நடுவில் விழுந்தால் உங்களுக்கு அது வேறு கதை. ஃபண்டு அதேதான், ஆபத்து மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

ஃபண்டுகளில் ‘கவர்மென்ட்டுது’ என்று நம்பி மோசம்போன கதையும் உண்டு. யூனிட் டிரஸ்டின் யு.எஸ்.64 திட்டம். 1964ல் வந்தது. உங்கள் மாமனார் வயதுக்காரர்களில் அதில் பணம் போடாதவர்கள் குறைவு. அரசாங்கம் பொறுப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். எந்தத் தாளிலும் அரசின் உத்தரவாதம் இல்லை, பணம் பெரும்பாலும் பங்குச் சந்தையில் இருந்தது. 2001 ஜூலையில் பணம் எடுப்பதை நிறுத்திவைத்தார்கள். கடைசியில் அரசே தலையிட்டு 2008ல் முதிரும் பத்திரங்களாக மாற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. அரசு தலையிட்டது மக்கள் செய்த புண்ணியம். சட்டப்படி கேட்டு வாங்கியிருக்க முடியாது.

மேனேஜரின் ஐந்து வருட ஸ்கீம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது டெபாசிட்டா, பாலிசியா?’ நான் பார்த்த வரையில், பாங்கில் இப்படிப் பெயர் இல்லாமல் வரும் ஸ்கீம் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் பாலிசி. ஒரு தடவை கட்டுவது என்று நினைத்து வாங்கிவந்து, அடுத்த வருடம் இரண்டாவது பிரீமியம் கேட்டுக் கடிதம் வந்தபிறகு முழிக்கிறவர்கள் ஏராளம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பதற வேண்டாம். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால், சின்னப் பிடித்தம் போகப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இனி உங்கள் 46 லட்சம்.

முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அஞ்சலகத்திலும் பெரிய வங்கிகளிலும் உண்டு, எங்கே போட்டாலும் மத்திய அரசின் பொறுப்பு. 60 வயது ஆகவில்லையே என்பீர்கள். 55க்கு மேல் 60க்குள் ஓய்வு பெற்றவர்களும் சேரலாம், ஆனால் ஓய்வூதியப் பலன்கள் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், அந்தத் தொகைக்கு மேல் போடக் கூடாது. உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதம் ஆக்கினார்கள். போடும் அன்று என்ன வட்டியோ அது ஐந்து வருடத்துக்கு மாறாது.

இதில் 25 லட்சம் போடுங்கள். அந்த 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 51,250 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 17,083. மாடி வாடகை 6,000, பென்ஷன் 3,200 சேர்த்தால் 26,283. உங்கள் வீட்டுச் செலவு ஓடிவிடும். வட்டி மாதாமாதம் வராது, காலாண்டுக்கு ஒருமுறைதான். வந்த கையோடு மூன்றாகப் பிரித்து வைக்கும் பழக்கம் வேண்டும். வீட்டுக்காரரையே முதல் பெயராகவும் உங்களை இரண்டாவது பெயராகவும் போட்டுக் கூட்டாகத் தொடங்குங்கள். இந்த வருமானத்துக்கு வரி வராது, ஆனால் டி.டி.எஸ். (வட்டி தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்காமல் இருக்க வருடா வருடம் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். கவுன்ட்டரிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கான 8 லட்சத்தை இரண்டு வங்கிகளில் நாலு நாலாக, ஒன்று அவர் பெயரில், ஒன்று உங்கள் பெயரில் டெபாசிட் போடுங்கள். முதிரும் தேதி கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் இருக்கட்டும், மண்டபத்துக்கு அட்வான்ஸ் அப்போதுதான் கேட்பார்கள். இன்னொரு 3 லட்சம் ஆஸ்பத்திரி போன்ற அவசரத்துக்குக் கூட்டுக் கணக்கில். இதில் வட்டி குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், இது வட்டிக்காக வைப்பதில்லை.

இப்போது 36 லட்சம் ஆயிற்று, பாக்கி 10. அதில் 4 லட்சத்தை உங்கள் பெயரில் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போடலாம். 7.4 சதவீதத்தில் மாதம் 2,466 ரூபாய் வரும். அது உங்கள் கையில் வரட்டும். முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் தன் பெயரில் ஒரு பாஸ்புக் இல்லாத பெண்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன், அந்த எரிச்சலில் சொல்கிறேன்.

கடைசி 6 லட்சம்தான் பையன் பேச்சுக்கு. இது ஏன் என்றால், 26,000 ரூபாய்ச் செலவு, விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், பத்து வருடத்தில் 46,500 ஆகும். அன்றைக்கும் 25 லட்சத்துக்கு வரும் வட்டி ஏறக்குறைய இதே தொகைதான். முதல் அப்படியே இருக்கும், ஒரு ரூபாய் குறையாது, ஆனால் மளிகைக் கடையில் பாதிக்குத்தான் பெறும். டெபாசிட் மட்டுமே போட்ட வீடுகளில் இது சத்தமில்லாமல் நடக்கிறது. இதற்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை என்பதால் யாரும் இதை ஆபத்தாக நினைப்பதும் இல்லை.

அந்த 6 லட்சத்தை ஒரே நாளில் போட வேண்டாம். மாதம் 25,000 வீதம் 24 மாதம், ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் (சென்செக்ஸ் போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டு) போதும். பையனையே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், கணக்கு மட்டும் உங்கள் இருவர் பெயரில். எட்டு வருடம் தொடாமல் இருக்க வேண்டும். நடுவில் பாதியாக விழுந்தாலும் 3 லட்சம், மொத்தப் பணத்தில் 7 சதவீதம்கூட இல்லை. அந்த மாதமும் 26,283 வரும், கல்யாண டெபாசிட்டும் அப்படியே இருக்கும். விழுவதைப் பார்க்கச் சகிக்காது என்று இப்போதே தோன்றினால் 3 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயத்தில் நடுவழியில் எடுப்பதைவிடக் குறைவாகப் போடுவது மேல்.

நாமினி எல்லாவற்றிலும் போட்டாயிற்றா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் பாங்க் டெபாசிட்டில் நான்கு பேர் வரை நாமினி போடலாம். பி.எஃப்.க்கு உங்கள் பெயரை எப்போதோ போட்டது இந்தப் புதுக் கணக்குகளுக்குச் செல்லாது. ஒவ்வொன்றிலும் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டும்.

நண்பரிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். உறவு கெடாமல் மறுக்க வேண்டும், அவ்வளவுதானே? ‘மொத்தத்தையும் அஞ்சலகத்தில் அஞ்சு வருஷத்துக்குப் போட்டாச்சு’ என்று சொல்லிவிடுங்கள், பெரும்பகுதி உண்மைதான். நண்பரும் அங்கே நிறையப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வட்டியை விட்டுவிட்டு, முதலில் பாதியைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் வந்தால் நல்லது, மீதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ‘அடுத்த மாசம் பார்க்கலாம், நீங்க நம்மாளு’ என்று பதில் வந்தால் நாள் கடத்தாமல் அந்தத் தாளையும் வட்டி வந்த பாங்க் கணக்கு விவரங்களையும் எடுத்துக்கொண்டு மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். தெருக்காரரிடம் கேட்க அவருக்கு வாய் வராது, எனக்குத் தெரியும். தெரிந்த முகத்திடம் பணம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திருப்பிக் கேட்பது அவ்வளவு கஷ்டம்.

உடனே செய்யவேண்டியது ஒன்றுதான். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 60 வயதுக்கு முன் சேர, ஓய்வு பெற்ற விவரமும் பலன்கள் எவ்வளவு, எப்போது கொடுக்கப்பட்டன என்ற விவரமும் உள்ள சான்றிதழ் மில்லிலிருந்து வேண்டும். பணம் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. இந்த வாரமே வீட்டுக்காரரை மில் ஆபீஸுக்கு அனுப்பி, முத்திரையோடு கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.